வேலூரில் ஒரு ஜெராக்ஸ் ஸீன்: 24 பக்கம், 100 பிரதி. தாள், எழுத்துரு, தையல், ஆட்களின் பாதுகாப்பு

#1 பாலாறு_மணல்

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஸீன், அதாவது நாங்களே எழுதி ஜெராக்ஸில் அடிக்கும் சின்ன இதழ், கொண்டு வருகிறோம். உள்ளே வருபவர்கள்: இசைத்தட்டைக் கைவிடாத ரேடியோ செட்காரர்கள், மாடியில் புறா விடுபவர்கள், பிளக்ஸ் வந்த பிறகும் தூரிகையை விடாத சுவரெழுத்துக்காரர்கள், விடுதி அறைகளில் மெட்டல் இசை கேட்டு வாசிக்கும் பிள்ளைகள். பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத இந்தச் சின்ன உலகங்களை அவர்கள் வாய்மொழியிலேயே பதிவு செய்ய ஆசை.

ஏ5 அளவு, கறுப்பு வெள்ளை, 100 பிரதி. எல்லாம் யூனிகோடில் தட்டச்சு ஆகிவிட்டது. எத்தனை பக்கம் வைப்பது, எப்படி அச்சிடுவது, பின்னா நூலா, பேரும் படமும் போடுவதில் என்ன கவனம் வேண்டும்? கை வைத்துச் செய்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 லாங்பஜார்_தாள்

தம்பி, பக்க எண்ணிக்கையைக் கட்டுரைகளை வைத்து முடிவு பண்ணாதீங்க, தாளை வைத்து முடிவு பண்ணுங்க. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5-ல் நாலு பக்கம். ஆகவே மொத்தம் 4-ன் மடங்காகத்தான் வரும். 26 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் இரண்டைக் குறைக்கணும், இல்லை இன்னும் இரண்டு பக்கம் எழுதணும். முதல் இதழுக்கு 24 உள்பக்கமும் தனி அட்டையும் சரியான அளவு. பிரதிக்கு 6 தாள், ஒரு அட்டை.

தாளின் ஒரு முகத்தில் அக்கம்பக்கமாக வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் எப்போதும் 25 வரணும். முதல் தாளின் முன்முகத்தில் 24, 1. பின்முகத்தில் 2, 23. அடுத்தது 22, 3. பின்னால் 4, 21. இப்படியே 20, 5 / 6, 19. 18, 7 / 8, 17. 16, 9 / 10, 15. கடைசித் தாள் 14, 11 / 12, 13. கூட்டல் 25 வராத முகம் எதுவோ அங்கேதான் பிழை. கணினியைத் தொடுவதற்கு முன்னால் 6 வெற்றுத் தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி, பென்சிலால் எண் போட்டு ஒரு டம்மி செய்யுங்க. அச்சு முடியும் வரை அது மேசை மேலேயே இருக்கட்டும்.

தாள் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) எடுங்க. 70-ல் கறுப்பு அதிகமான படம் பின்பக்கம் நிழலாடும். 80 போனால் தபாலில் எடை கூடும். ரீம் கட்டை அச்சு நாளன்றுதான் பிரிக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்து வைத்த தாள் ஈரம் இழுத்துவிடும். இயந்திரத்தின் சூட்டில் போனதும் சுருளும், இரண்டு தாள் ஒட்டிப் போகும், பின்முக அச்சு கோணலாகும். கடைக்காரர் இயந்திரத்தைக் குறை சொல்வார், குற்றம் தாளுடையது.

#3 கொசப்பேட்டை_டிடிபி

யூனிகோடில் இருப்பது நல்லதுதான். ஆனா நம்ம ஊர் டிடிபி சென்டர் பலதுல இன்னிக்கும் பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்க அமைப்பு மென்பொருள்தான் ஓடுது. 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோட் தமிழ் தெரியாது, ஒட்டினால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வரும். அவங்க பாமினி மாதிரி பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாத்திக் கொடுப்பாங்க. அந்த மாற்றத்தில் இடையில் இருக்கிற ஆங்கில எழுத்தெல்லாம் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்தாயிடும். உங்க இதழில் பாடல், ஆம்ப்ளிஃபயர் பேரெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தால் அத்தனையும் போச்சு. எல்லாத்தையும் தமிழ் எழுத்திலேயே எழுதிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பக்கத்தை நீங்களே அமைத்து, கடைக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்க. ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க அமைப்பு மென்பொருள் இலவசம், அதில் தமிழ் சரியாகச் சேரும். 1.4 பதிப்பில் கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்கும். இன்டிசைனில் செய்தால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்கணும், இல்லேன்னா அங்கேயும் இதே கதி. முடிச்சதும் பிடிஎஃப் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்க. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் எம்பெடட் (கோப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கு) என்று இருக்கணும். ஒண்ணு விட்டுப்போனாலும் கடைக் கணினி வேற எழுத்துருவைப் போட்டுக்கும், வரிகள் ஓடி பக்கம் மாறிடும்.

எழுத்துரு: உடலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர், தலைப்புக்கு பலூ தம்பி. மூணும் திறந்த உரிமம், காசு கிடையாது. அளவு 10 பாயின்ட், வரி இடைவெளி 14.5. அதுக்குக் கீழே இறங்கினால் ஜெராக்ஸில் மெய்யெழுத்துப் புள்ளி மறையும், ‘ண’வும் ‘ன’வும் ஒண்ணாத் தெரியும். ஏ5 பக்கத்தை இரண்டு பத்தியாப் பிரிக்க வேண்டாம், தமிழ்ச் சொல் நீளம். அகலம் 60 மிமீக்குக் கீழே போனால் வரிக்கு மூணு சொல்தான் நிக்கும், இரு ஓரமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டை விழும். நாலு பக்கமும் 15 மிமீ ஓரம் விட்டு ஒரே பத்தி, இடப்பக்கம் மட்டும் ஒட்டிய வரிகள். பக்கத்துக்கு 200 முதல் 240 சொல் பிடிக்கும். கட்டுரையாளர்களுக்கு இந்தக் கணக்கை முதல்லயே சொல்லிடுங்க.

#4 பாலாறு_மணல்

மிக்க நன்றி. சோதனைக்கு ஒரு பிரதி எடுத்தோம் அண்ணே, ஒவ்வொரு தாளிலும் பின்முகம் தலைகீழாக வருகிறது. எண் வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

#5 காட்பாடி_சந்திப்பு

இரட்டைப் பக்க அச்சில் ‘நீண்ட ஓரம்’ தேர்வாகியிருக்கிறது. படுக்கை வாட்டத்தில் இரண்டிரண்டு பக்கமாக அடுக்கிய கோப்புக்கு ‘குறுகிய ஓரம்’ வேண்டும். அதோடு ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அது சில சதவீதம் சுருக்கி முன்முகமும் பின்முகமும் நேர் வராமல் செய்யும், படத்தின் புள்ளிகளையும் கெடுக்கும். பெரும்பாலான இயந்திரங்கள் தாளின் விளிம்பில் 4, 5 மிமீ அச்சிடாது. விளிம்பு வரை ஓடும் கறுப்பு வேண்டுமென்றால் ஏ3-ல் அடித்து வெட்டணும். முதல் இதழுக்கு அது வீண் செலவு.

கடை: காட்பாடியில் கல்லூரி வாசல் பக்கம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கும் கடைகளில் இருபுறமும் தானாக அடிக்கும் பெரிய இயந்திரங்கள் உண்டு. மார்ச், ஏப்ரலில் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள், அப்போது போகாதீர்கள். பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அடிக்கும் ரிசோ இயந்திரம் கிடைத்தால் இன்னும் மலிவு. அதில் ஒரு முகத்துக்கு ஒரு மாஸ்டர், அதாவது ஸ்டென்சில், என்பதால் 20 பிரதிக்குக் கட்டுப்படியாகாது, 100-க்குக் கட்டுப்படியாகும். ஒன்று மட்டும் ஞாபகம்: ரிசோ மை தாளுக்குள் ஊறித்தான் காயும். வழவழப்பான ஆர்ட் தாளில் அடித்தால் நாள் கணக்கில் விரலில் ஒட்டும்.

#6 ஆரணி_ரோடு

படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. செல்போன் படத்தை அப்படியே பக்கத்தில் வைத்தால் ஜெராக்ஸில் முகம் கரியாகிவிடும். முதலில் சாம்பல் நிறமாக்கி, நடுத்தொனியைக் கண்ணுக்கு ‘வெளிறிவிட்டதே’ என்று தோன்றும் அளவுக்கு உயர்த்துங்கள். பிறகு 600 டிபிஐ-யில் புள்ளிப்படமாக மாற்றுங்கள், அங்குலத்துக்கு 65 முதல் 75 புள்ளி வரி. அதைவிட நெருக்கமான புள்ளிகளை ஜெராக்ஸ் பிடிக்காது, ஒன்றோடொன்று கலந்துவிடும். மாற்றிய பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. செய்தால் கோலம் மாதிரி அலை விழும்.

சுவரெழுத்தைப் படம் எடுக்க நல்ல நேரம் காலை ஏழு, எட்டு. பக்கவாட்டு வெளிச்சத்தில் தூரிகையின் இழுப்பு தெரியும். எழுத்தின் நடு உயரத்துக்கு நேராக கேமரா இருக்கணும், அண்ணாந்து எடுத்தால் எழுத்து மேலே குறுகிவிடும். எழுத்துப் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்து இன்னொரு படம் எடுங்கள். எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன் எல்லாம் பின்னால் எழுதும்போது கைகொடுக்கும். முழுக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பெரிய கறுப்பில் டோனர் (மைத்தூள்) திட்டுத் திட்டாக விழும், மடிப்பில் வெடித்து உதிரும்.

#7 சாய்நாதபுரம்_நிலா

பாலாறு, அச்சு பிசகினால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். இந்தப் பதிவில் சொல்வது பிசகினால் திருத்த வழியில்லை.

புறா: பந்தயத்துக்கு விடும் ஹோமர் புறாவின் கால் வளையத்தில் ஆண்டும் எண்ணும் இருக்கும். அதை வைத்து உடைமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். நல்ல பறவைக்கு விலை அதிகம், திருட்டும் உண்டு. வளைய எண், மாடிப்படி, பின்னால் தெரியும் கோபுரம், தண்ணீர்த் தொட்டி இவை படத்தில் வராமல் வெட்டுங்கள். தெருப் பேர் வேண்டாம், ‘வேலூரில் ஒரு மாடி’ போதும். பந்தயப் பணம் பற்றிப் பேச்சு வந்தால் அதை அச்சில் ஏற்றாதீர்கள். தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இன்றும் இருக்கிறது. உங்கள் ஒரு வரி அவர் வீட்டுக்குக் காவலரைக் கொண்டுவந்துவிடும். கூண்டின் அளவு, தீவனக் கலவை, காலையில் எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை மணிக்கு இறங்கியது, யார் நேரம் குறித்தது, இதையெல்லாம் முழுசாக எழுதுங்கள். அந்த உலகத்தின் அறிவு அதில்தான் இருக்கிறது.

சுவர்: அனுமதியில்லாமல் பொதுச் சுவரில் எழுதுவது 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி உருக்குலைப்புத் தடைச் சட்டத்தில் குற்றம். இரவில் ஸ்பிரே அடிக்கிற இளைஞர்களின் படத்தைப் போடுவதாக இருந்தால் முகம், கையில் குத்திய பச்சை, வண்டி எண் எதுவும் கூடாது. முகத்தின் மேல் மங்கல் போட்டால் போதாது. தலையை விட்டுக் கையை மட்டும் எடுங்கள். அசல் கோப்பில் இடமும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவருக்கொருவர் அனுப்புவதற்கு முன்னால் அதை நீக்குங்கள்.

பேட்டி: பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். உண்மைப் பேர் போடலாமா, ஊர் போடலாமா, படம் போடலாமா. பதிலை ஒலிப்பதிவிலேயே வாங்குங்கள். அச்சுக்கு முன்னால் அவர் பகுதியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கொடுத்துவிட்டு வருவது போதாது, பலர் வாசிக்க நேரமில்லாதவர்கள், சிலருக்கு வாசிக்கத் தெரியாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பேரும் வேண்டாம், படமும் வேண்டாம்.

#8 தோரப்பாடி_தூரிகை

நிலா அக்கா சொல்வதில் ஒன்றுக்கு மட்டும் மாற்றுக் கருத்து. சுவரெழுத்துக்காரர்கள் பேரை மறைக்கக் கூடாது. அவர்கள் காசு வாங்கிக்கொண்டு கடைச் சுவரில் நேர்மையாக எழுதியவர்கள். காலம் முழுக்க அடுத்தவர் பேரைப் பெரிசாக எழுதி, தன் பேரை மூலையில் இரண்டு அங்குலத்தில் போட்டவர்கள். அந்த மூலைக் கையொப்பத்தைத்தான் நீங்கள் முதலில் தேடணும். எல்லாரையும் ‘ஒரு கலைஞர்’ என்று எழுதினால் பிளக்ஸ் செய்ததையே நீங்களும் செய்ததாகிவிடும்.

#9 சாய்நாதபுரம்_நிலா

முழுக்க ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அதனால்தான் கேள்வியை ஆளுக்கு ஆள் கேட்கச் சொன்னேன். பேர் போடச் சொன்னவருக்கு எழுத்துப் பிழையில்லாமல், அவர் எழுதுகிற விதத்திலேயே, முதலெழுத்தோடு போடணும்.

#10 குடியாத்தம்_ரெக்கார்டு

ரேடியோ செட் கட்டுரைக்கு: ‘பழைய பாட்டு, பழைய நினைவு’ன்னு எழுதிடாதீங்க, அது எல்லாரும் எழுதுறது. புனல் ஸ்பீக்கர் எத்தனை வாட், எந்த மரத்துல எத்தனை அடி உயரத்துல எந்தத் திசை பார்த்துக் கட்டுவாங்க, தூரத்து ஸ்பீக்கருக்குப் போற நூறு வோல்ட் லைன்ல வயரை எவ்வளவு தூரம் இழுப்பாங்க, இசைத்தட்டு ஊசியை எப்ப மாத்துவாங்க, இதைக் கேளுங்க. கோயில் திருவிழாவுல எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டுன்னு ஒரு வரிசை வெச்சிருப்பாங்க, அதைக் கேட்டு வாங்குங்க. பாட்டு வரிகளை அச்சடிக்க வேண்டாம், உரிமை அடுத்தவங்களோடது. பேரும் ஆண்டும் போதும்.

ஒரு விடுபடலும் இருக்கு. நம்ம மாவட்டத்துல காளை விடும் விழாவைச் சுத்தி ஒரு தனி உலகமே ஓடுது. விழா ஊரறிந்தது. ஆனா காளைக்குப் பேர் வைக்கிற முறை, ஓடுன நேரத்தை நொடிக் கணக்குல மனப்பாடமா வெச்சிருக்கிற பசங்க, ஒரு காளைக்குன்னு இருக்கிற ரசிகர் கூட்டம், இதெல்லாம் யாரும் எழுதலை. லண்டன் பங்க் பத்தி எழுத லண்டன்ல ஆள் இருக்காங்க. கே.வி.குப்பத்துக் காளை ரசிகனைப் பத்தி நாமதான் எழுதணும்.

#11 பாலாறு_மணல்

அருமையான யோசனை, காளைக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறோம். அட்டையும் கட்டும் எப்படி? அட்டைக்கு ஆம்பூர்த் தோல் துண்டு வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

#12 லாங்பஜார்_தாள்

தோல் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் தோலே மடிப்பில் விறைத்துக்கொண்டு இதழை மூடவிடாது. ஆம்பூர், பேர்ணாம்பட்டிலிருந்து எடுக்க வேண்டியது செருப்புத் தைக்கிற குத்தூசியும் மெழுகு நூலும்தான்.

அட்டை 200 ஜிஎஸ்எம், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் ஒரே வண்ணத்தில். வெள்ளையை விட்டு நிறத்தாள் எடுத்தால் ஒரு வண்ண மையே இரண்டு வண்ணம் மாதிரி நிற்கும். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் வரையுங்க. தமிழில் ‘ஆ’, ‘ஷ’, ‘ஐ’ இவற்றின் உள்வெளியும் புள்ளியும்தான் முதலில் அடைபடும். ஃபிலிமில் தலைப்பைக் கொஞ்சம் மெலிந்த எழுத்தில் எடுத்தால் மை விரிந்து சரியான தடிமனுக்கு வரும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரு மணி நேரம் பரப்பிக் காய வைக்கணும்.

மடிப்பு: தடித்த தாளில் இழை ஓடும் திசை மடிப்புக் கோட்டோடு சேர்ந்து போகணும். குறுக்கே மடித்தால் விரிசல் விழும். தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்க, சுலபமாக வளையும்போது வளைவுக் கோடு எந்தப் பக்கம் ஓடுதோ அதுவே இழையின் திசை. பெரிய தாளாக வாங்கி அதற்கேற்ப வெட்டச் சொல்லுங்க. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்திக் கோடு போட்டு, பள்ளம் வெளிப்பக்கமும் புடைப்பு உள்பக்கமும் வரும்படி மடியுங்க. ஸ்டீல் கரண்டியின் முதுகால் தேய்த்தால் தட்டையாக நிற்கும்.

பின் அடிப்பதானால், சாதாரண ஸ்டேப்ளரின் வாய் நடுமடிப்பு வரை எட்டாது, அது தாளின் ஓரத்திலிருந்து 148 மிமீ உள்ளே இருக்கிறது. நீளக்கை ஸ்டேப்ளர் கிடைக்காவிட்டால், ஸ்டேப்ளரை முழுக்க விரித்து, கீழே தெர்மகோல் வைத்து, அட்டைப் பக்கத்திலிருந்து குத்தி, உள்ளே வந்த கால்களைக் கரண்டியால் மடக்குங்க. மேலிருந்து 52 மிமீ, கீழிருந்து 52 மிமீ.

நூல் என்றால் மூன்று துளை. நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 40 மிமீ தள்ளி ஒவ்வொன்று. பிரதிக்கு 53 சென்டிமீட்டர் நூல், அதாவது உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளையில் உள்ளே, அங்கிருந்து நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்து, நீள நூலின் இருபுறமும் முனைகளை வைத்து முடிச்சு. 100 பிரதியையும் நூலில் தைத்தால் நாலு பேருக்கும் ஒரு முழு நாள் போகும். ஆனால் பத்து வருஷம் கழித்தும் துருப்பிடிக்காது.

தைத்த பிறகு உள்தாள்கள் அட்டையைவிட ஏறக்குறைய 1 மிமீ வெளியே நீட்டும். பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் 3 மிமீ சீவிவிடலாம். பக்க எண்ணை விளிம்பிலிருந்து 10 மிமீ உள்ளே வைத்திருந்தால் பயமில்லை.

#13 ஆரணி_ரோடு

பதிவு, சட்டம்? யாராவது பயமுறுத்துவார்கள். 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் வந்து பொதுச் செய்தியோ அதன் மேல் கருத்தோ தாங்கும் இதழுக்கானது அது. புத்தகம் அதற்குள் வராது. ‘மாத இதழ்’ என்று போட்டுத் தொடர்ந்து நடத்தப் போகிறீர்கள் என்றால் பதிவு பற்றி யோசியுங்கள். ஒற்றைத் தொகுப்பாக வந்தால் வேண்டாம். ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்) கட்டாயமில்லை, இந்தியாவில் அது இலவசமாகவே கிடைக்கும். யார் வெளியிட்டது, எங்கே அச்சானது என்று பக்கம் 2-ல் எழுதிவிடுங்கள். அவதூறு வழக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. யாரையாவது குற்றம் சாட்டும் வரி இருந்தால் சான்று கையில் இருக்கணும், இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

#14 காட்பாடி_சந்திப்பு

தபால் எடை. 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 4.7 கிராம், ஆறுக்கு 28. அட்டை 12.5. ஆக 40.5 கிராம். விரைவு அஞ்சலின் முதல் எடைப்படி 50 கிராம் வரை. உறைக்கு 9 கிராம்தான் மிச்சம், ஆகவே மெல்லிய பழுப்பு உறை. உள்ளே அட்டைத்துண்டு வைத்தால் அடுத்த படிக்குப் போய்விடும். பழைய சிற்றிதழ்க்காரர்கள் சொல்லும் பதிவு புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றது. பதிவுத் தபாலும் 2025-ல் விரைவு அஞ்சலில் சேர்ந்துவிட்டது. அந்தப் பழைய கணக்கில் விலை வைக்காதீர்கள்.

விலை: 12 முகம் × 100 = 1,200 அச்சு. முகத்துக்கு 1 ரூபாய் என்றால் பிரதிக்கு உள்பக்கச் செலவு 12 ரூபாய், மொத்தமாகக் கொடுப்பதால் குறைத்துக் கேளுங்கள். அட்டை, நூல் சேர்த்து வரும் தொகையின் இருமடங்குக்குக் கீழே விலை வைத்தால் கடைக் கழிவு போக அடுத்த இதழுக்குக் காசு மிஞ்சாது. எழுதப்பட்டவர்களுக்கான பிரதிகளை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். ஒன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்புங்கள்.

#15 பாலாறு_மணல்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நூல் தையல்தான், முடிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: தூரிகைக்காரர் ஒருவர் எழுதிய நீளச் சுவர் இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஓடவிட ஆசை. 8, 9-ல் வைக்கலாமா?

#16 லாங்பஜார்_தாள்

வேண்டாம் தம்பி. 8-ம் 9-ம் வெவ்வேறு தாள். ஒன்று ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் எழுத்து நடுவில் உடைந்து தெரியும், ஒரு தாளில் டோனர் கறுத்தும் இன்னொன்றில் வெளுத்தும் விழும். 12, 13-ல் வையுங்க. ஒரே தாளின் ஒரே முகம் என்பதால் படம் பிசகாமல் சேரும். நூல் போகிற மூன்று துளையும் மடிப்புக் கோட்டில் வருவதால், எந்த எழுத்தின் நடுவும் மடிப்பில் விழாதபடி படத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்க.